காருக்குக் கூடுதல் உத்தரவாதம் வாங்கலாமா? முதல் முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காரைத் தேர்ந்தெடுத்து, வங்கிக் கடன், காப்புறுதி, சாலை வரி ஆகியவற்றுக்கான தாள்களில் கையொப்பமிட்டு முடிக்கும் வேளையில்தான், கார் பழுதானால் செலவை ஏற்கும் கூடுதல் உத்தரவாதம் பற்றிய பேச்சு பெரும்பாலும் எழுகிறது. அதற்குள் வாங்குபவர் களைத்திருப்பார். பல்லாயிரம் ரிங்கிட் கணக்கில் பேசிய பிறகு இரண்டாயிரம், மூவாயிரம் சிறிய தொகையாகத் தோன்றும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் முதல் முறையாகக் கார் வாங்கும் நம் இளையோர் பலர் இந்தக் கட்டத்தில், படித்துப் பார்க்காமலேயே சரி என்று சொல்லிவிடுகிறார்கள் அல்லது வேண்டாம் என்று தட்டிக்கழித்துவிடுகிறார்கள். இரண்டுமே கணக்குப் பார்க்காத முடிவுகள். உங்கள் காருக்கும் உங்கள் கையிருப்புக்கும் உரிய விடையை வீட்டில் உட்கார்ந்து ஒரு மாலைப்பொழுதில் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஒப்பந்தத்தின் முழுப் படியும், நம்பகமான ஒரு பட்டறைக்காரரின் தொலைபேசி எண்ணும் போதும். ஆகவே விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று, ஒப்பந்தத்தின் முழுப் படியைத்தான். கையேட்டில் உள்ள வண்ணப் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு முழுப் படியைப் பணம் கட்டிய பிறகே தருவோம் என்று சொல்பவரிடம் உத்தரவாதம் வாங்கத் தேவையில்லை.

ஏற்கெனவே உள்ள உத்தரவாதம் எவ்வளவு?

புதிய கார் வாங்குபவராக இருந்தால், தயாரிப்பாளரின் உத்தரவாதம் காரின் விலையிலேயே அடங்கியிருக்கிறது. மலேசியாவில் இப்போது விற்கப்படும் பெரோடுவா கார்களுக்கு அது 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் வரை செல்லும். இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவே எல்லை. ஹோண்டாவும் தொயோத்தாவும் கிலோமீட்டர் வரம்பின்றி 5 ஆண்டு தருகின்றன. ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் மின்கலனுக்குப் பொதுவாகத் தனியே 8 ஆண்டு உத்தரவாதம் உண்டு. மின்சாரக் கார்களில் அதற்கு 160,000 கிலோமீட்டர் போன்ற ஓர் எல்லையும் சேர்ந்துவருவது வழக்கம். கார் பதிவான ஆண்டைப் பொறுத்து இவை மாறும் என்பதால், உங்கள் காருடன் வந்த உத்தரவாதப் புத்தகத்தில் எழுதியிருப்பதையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

இந்த எல்லையை உங்கள் ஓட்டத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓட்டுபவர் ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டரே ஓடுகிறார். 5 ஆண்டில் 90,000. அவருக்கு ஆண்டுக் கணக்கே எல்லை, கிலோமீட்டர் ஒரு பொருட்டாகாது. கோலாலம்பூரில் மின்னழைப்பு வாடகைக் கார் ஓட்டி ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் கடப்பவருக்கோ 150,000 என்ற எல்லை இரண்டரை ஆண்டில் வந்துவிடும். ஆனால் அவர் வேறொன்றையும் பார்க்க வேண்டும்: பயணிகளை ஏற்றிச் செல்லும் வாகனங்களுக்கு உத்தரவாதத்தைக் குறைக்கும் அல்லது மறுக்கும் விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. வேலை முடிந்து மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுபவருக்கும் இது பொருந்தும். இதை மறைத்து உத்தரவாதம் வாங்கினால், கட்டிய பணம் போய்விடும், பழுதுக்குப் பணம் கேட்கும் கோரிக்கையும் நிராகரிக்கப்படும்.

கிலோமீட்டர் எல்லையை முன்னதாகவே தொடாதவருக்கு, புதிய காரின் கூடுதல் உத்தரவாதம் என்பது ஆறாம், ஏழாம் ஆண்டுக்குத்தான் பயன்படும். நான்காம் ஆண்டில் காரை விற்றுவிட்டு வேறு வாங்கும் எண்ணம் உள்ளவர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நீண்ட நாள் வைத்திருக்க எண்ணுபவர், தயாரிப்பாளரின் நீட்டிப்பைப் பின்னரும் வாங்க முடியுமா, எந்தத் தேதிக்குள் அல்லது எத்தனை கிலோமீட்டருக்குள் வாங்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் உத்தரவாதம் முடிவதற்கு முன்பு வரை வாங்கும் வாய்ப்பு இருந்தால், இன்றைக்கே பணம் கட்டுவதில் உங்களுக்கு ஆதாயம் ஏதுமில்லை. அதற்குள் அந்தக் காரின் குணமும் தெரிந்துவிடும்.

பழைய கார் வாங்குவோர் பதிவுச் சான்றிதழில் முதல் பதிவுத் தேதியைப் பார்த்து மீதியைக் கணக்கிட வேண்டும். தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொதுவாகக் காரோடு அடுத்த உரிமையாளருக்குச் செல்லும், பராமரிப்பு ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால். அதை விற்பனையாளரின் வாய்ச்சொல்லை நம்பி ஏற்க வேண்டாம். அடிச்சட்ட எண்ணை (சேஸி எண்) கொடுத்து அதிகாரபூர்வப் பராமரிப்பு நிலையத்தில் விசாரியுங்கள். ஜப்பானிலிருந்து வரும் ரீகோன் கார்கள், அதாவது அங்கே ஓடியபின் புதுப்பிக்கப்பட்டு இறக்குமதியாகும் கார்கள், வேறு வகை. உள்ளூர் அதிகாரபூர்வ விநியோகிப்பாளர் இறக்குமதி செய்யாதவை என்பதால், அவருடைய உத்தரவாதம் அவற்றுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே ரீகோன் கார் வாங்குவோருக்குத்தான் இந்தக் கேள்வி மிகவும் உண்மையானதாகிறது.

பழுதானால் யார் பணம் கொடுப்பார்?

தாளில் உள்ள பெயரைப் பாருங்கள். தயாரிப்பாளர் அல்லது விநியோகிப்பாளர் தரும் நீட்டிப்பு ஒரு வகை. அதில் பாகமும் வேலையும் அவர்களுடைய நிலையத்திலேயே நடக்கும், வாக்குவாதமும் குறைவாக இருக்கும். உரிமம் பெற்ற காப்புறுதி நிறுவனம் பின்னால் நிற்கும் திட்டம் இரண்டாவது. காப்புறுதி நிறுவனங்கள் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் கீழ், மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கண்காணிப்பில் உள்ளவை. அவற்றோடு தகராறு வந்தால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவையிடம் செல்லலாம். மூன்றாவது, உத்தரவாதம் விற்பதையே தொழிலாகக் கொண்ட தனி நிறுவனமோ, கார் கடைக்காரரே கொடுக்கும் வாக்குறுதியோ ஆகும். இந்த மூன்றாம் வகையில் நாணயமானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த நிறுவனம் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதே உங்கள் உத்தரவாதத்தின் அடித்தளம். நிறுவனத்தின் பதிவு எண், பதிவான ஆண்டு, அது பணம் கொடுக்கும் பட்டறைகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பிறகு அந்தப் பட்டியலிலிருந்து உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பட்டறையை, அது செந்தூலில் இருந்தாலும் பிறையில் இருந்தாலும், நேரில் சென்று விசாரியுங்கள். அந்த நிறுவனம் பணத்தை ஒழுங்காகக் கொடுக்கிறதா, எவ்வளவு நாளில் அனுமதி தருகிறது என்பதை விற்பனையாளரைவிடப் பட்டறைக்காரர் நன்றாக அறிவார். என் கணிப்பில், இந்த ஒரு விசாரணை மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தரக்கூடியது.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை

ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். சிறிய எழுத்தில் பத்துப் பக்கம் இருந்தாலும், ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு முழுவதையும் படியுங்கள். தேவையானால் வீட்டில் படித்த பிள்ளைகளின் உதவியைப் பெறுங்கள்.

முதலில் எந்தப் பாகங்கள் அடங்கும் என்று பாருங்கள். “எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி” என்று கடையில் சொல்லப்படுவது பெரும்பாலும் எஞ்சினுக்குள்ளும் கியர்பாக்ஸுக்குள்ளும் எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் உலோகப் பாகங்களை மட்டும் குறிக்கும். கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதி, டர்போ, ரேடியேட்டர், ஏர்கோன் கம்ப்ரசர், எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் சீல்கள் ஆகியவை அதில் இல்லாமல் இருக்கலாம். நம் நாட்டு வெப்பத்தில் ஏர்கோன் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. நெரிசலில் நின்று நின்று போகும் கார்களில் குளிரூட்டும் அமைப்புக்கு ஓய்வில்லை. ஆகவே இவை உள்ளனவா என்பது பெரிய வேறுபாடு. பட்டியலில் பெயர் குறிப்பிட்டவை மட்டுமே அடங்கும் என்ற திட்டமும், விலக்கப்பட்டவை தவிர எல்லாம் அடங்கும் என்ற திட்டமும் உண்டு. பின்னது விலை கூடினாலும் வாங்குபவருக்குப் பாதுகாப்பானது. பிரேக் பட்டை, டயர், மின்கலம், அதிர்வு தாங்கிகள், புஷ்கள் போன்ற தேயும் பாகங்கள் எந்தத் திட்டத்திலும் அநேகமாக இரா. நாள்பட்ட காரில் நீங்கள் அடிக்கடி பணம் செலவழிக்கப்போவது இவற்றுக்காகத்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அடுத்து வரம்பு. ஒரு கோரிக்கைக்கு எவ்வளவு, உத்தரவாதக் காலம் முழுவதற்கும் எவ்வளவு, ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வரம்பு உண்டா என்று மூன்று எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். தேய்மானத்தைக் கழிக்கும் விதியும் இருக்கக்கூடும்: 120,000 கிலோமீட்டர் ஓடிய காருக்குப் புதிய பாகம் போடும்போது, பாகத்தின் விலையில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று அது சொல்லும். பழுதைக் கண்டுபிடிக்க எஞ்சினைப் பிரிக்கும் கூலி யாருடையது என்பதும் கேட்கத் தக்கது. பிரித்துப் பார்த்த பின் பழுது உத்தரவாதத்துக்கு வெளியே உள்ளது என்று தெரிந்தால், அந்தக் கூலி பொதுவாக உங்கள் தலையில்தான் விழும். மாற்றப்படும் பாகம் புதியதா, புதுப்பிக்கப்பட்டதா, ஹாஃப்கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதி செய்யப்படும் பழைய காரிலிருந்து) எடுத்ததா என்றும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

உத்தரவாதத்தைச் செல்லாததாக்கும் விதிகளே பெரும்பாலான சண்டைகளுக்கு வேர். மலேசியாவில் பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதத்துக்கு ஒரு முறை பராமரிப்பு குறிக்கப்படுகிறது. அதை எந்தப் பட்டறையில் செய்ய வேண்டும், எத்தனை நாள் அல்லது எத்தனை கிலோமீட்டர் தாமதம் மன்னிக்கப்படும் என்று ஒப்பந்தம் சொல்லும். வழக்கமாகப் போகும் தெருமுனைப் பட்டறையில் எண்ணெய் மாற்றி ரசீது வாங்காமல் வருபவர், அந்தப் பழக்கத்தை விட முடியாவிட்டால் உத்தரவாதம் வாங்குவதில் பொருளில்லை. எரிவாயுத் தொட்டி பொருத்தியது, எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றியது, பெரிய ஒலிபெருக்கிக்காக மின்கம்பியை வெட்டி ஒட்டியது ஆகியவையும் காரணமாகக் காட்டப்படலாம். வெப்பமானி சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகும் வீடு வரை ஓட்டிச் சென்றதால் கெட்ட எஞ்சினுக்கு எந்த நிறுவனமும் பணம் தராது. பினாங்கிலிருந்து தாய்லாந்தின் ஹட்ஞாய்க்குக் காரில் செல்லும் வழக்கம் உள்ளவர்கள், எல்லை தாண்டினால் உத்தரவாதம் செல்லுமா என்றும் பார்க்க வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 நவம்பரில் பினாங்கிலும், 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பெருவெள்ளத்தில் கார்கள் மூழ்கியதை நாம் கண்டோம். நீர் புகுந்த சேதம் உத்தரவாதத்தின் வேலை அன்று. அது காப்புறுதியின் கீழ் வருவது, அதுவும் பெரும்பாலும் வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பைக் கேட்டுச் சேர்த்திருந்தால் மட்டுமே. முழுக் காப்புறுதி இருக்கிறது என்பதால் அது பொதுவாகத் தானாகச் சேர்ந்துவிடாது. கையில் உள்ள பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்ற நிலையில், தாழ்வான பகுதியில் குடியிருப்பவர் வெள்ளப் பாதுகாப்பையே முதலில் வாங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கணக்குப் போடும் முறை

பட்டறைக்காரரிடம் உங்கள் காரின் ரகத்தையும் ஆண்டையும் சொல்லி, இந்த வயதில் வரக்கூடிய மிகப் பெரிய பழுது எது, அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். இரண்டு பட்டறைகளில் கேட்டால் நல்லது. பிறகு ஒரு தாளில் இப்படி எழுதிப் பாருங்கள். இங்குள்ள எண்கள் முறையை விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

ஆறு ஆண்டு பழைய காருக்கு இரண்டு ஆண்டு உத்தரவாதம் 2,400 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். கியர்பாக்ஸ் கெட்டால் 8,000 ரிங்கிட் ஆகும் என்கிறார் பட்டறைக்காரர். 2,400 கொடுத்து 8,000 மிச்சம் என்று மனம் சொல்லும். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு கோரிக்கைக்கு 4,000 ரிங்கிட்தான் வரம்பு. அப்படியானால் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது 4,000. மீதி 4,000 உங்கள் பையிலிருந்தே போகும். 2,400ஐ 4,000ஆல் வகுத்தால் நூற்றுக்கு 60. அதாவது, உங்களைப் போன்ற பத்துப் பேரில் ஆறு பேருக்காவது இந்த இரண்டு ஆண்டுக்குள் அத்தகைய பழுது வந்தால்தான் கொடுத்த பணத்துக்கு ஈடாகும். அப்படிப் பாதிக்கு மேல் கெடக்கூடிய கார் என்று பட்டறைக்காரர் சொன்னால், உத்தரவாதத்தை விட்டுவிடுங்கள். அந்தக் காரையே வாங்க வேண்டாம். அதே உத்தரவாதத்தில் வரம்பு 8,000 ஆக இருந்து, விலை 1,600 ஆக இருந்தால் நூற்றுக்கு 20தான் வருகிறது. நுட்பமான கியர்பாக்ஸ் உள்ள கார்களுக்கு அது எண்ணிப் பார்க்கக்கூடிய பேரம்.

இந்தக் கணக்கோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நாளைக்கே 8,000 ரிங்கிட் செலவு வந்தால் உங்களால் தாங்க முடியுமா? வேலைக்குப் போக அந்தக் கார் ஒன்றே வழி, சேமிப்பு இல்லை, கடன் அட்டையை நீட்ட வேண்டியிருக்கும் என்ற நிலையில் உள்ள குடும்பத்துக்கு, கணக்கு சற்றுப் பாதகமாக இருந்தாலும் நல்ல வரம்புள்ள உத்தரவாதம் ஓர் அரண். கையில் அவசரச் சேமிப்பு வைத்திருப்பவர், அதே 2,400 ரிங்கிட்டை மாதம் 100 வீதம் இரண்டு ஆண்டு தனிக் கணக்கில் போட்டு வைத்தால், தேயும் பாகங்களுக்கும் அதையே பயன்படுத்தலாம். பழுது வராவிட்டால் பணம் அவரிடமே இருக்கும்.

உத்தரவாதத்தின் விலையைக் கார் கடனில் சேர்க்கச் சொன்னால் ஏற்க வேண்டாம். 3,000 ரிங்கிட்டை, குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் கணக்கிடப்படும் ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுக்கு நீட்டினால் வட்டியாக மட்டும் ஏறத்தாழ 680 ரிங்கிட் கூடுகிறது. அதைவிட வருத்தம் தருவது, இரண்டு ஆண்டில் முடிந்துபோகும் உத்தரவாதத்துக்கு அதன் பின்னும் 5 ஆண்டு தவணை கட்டிக்கொண்டிருப்பது. உத்தரவாதம் வாங்கினால்தான் கடன் கிடைக்கும் என்று எவரேனும் சொன்னால், அந்த நிபந்தனையை வங்கியிடமே நேரடியாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

காரின் ரகமும் விடையை மாற்றும். பெரோடுவா மைவி போன்ற, நாடெங்கும் ஓடும் உள்ளூர்க் கார்களுக்குப் பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன, அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறார்கள், கூலியும் மிதம். அவற்றுக்கு வெளி நிறுவனத்தின் உத்தரவாதம் தேவைப்படுவது அரிது. ஐரோப்பியக் கார்களுக்கும் பெரிய ரீகோன் வேன்களுக்கும் ஒரே ஒரு மின்னணுப் பாகம் சிறிய காரின் எஞ்சின் அளவுக்கு விலை வைக்கக்கூடும். அவற்றுக்கு விரிவான, வரம்பு உயர்ந்த உத்தரவாதம் கிடைத்தால் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. வரம்பு தாழ்ந்தது கிடைத்தால், அதைவிடச் சிறிய காரைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

வாங்குவது என்று முடிவானால்

பழைய காராக இருந்தால், உத்தரவாதம் தொடங்குவதற்கு முன் கடைக்குத் தொடர்பில்லாத ஒரு பட்டறையில் காரைச் சோதித்து, தேதியிட்ட அறிக்கை வாங்குங்கள். உரிமை மாற்றத்துக்காக வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோம் செய்யும் பரிசோதனை எஞ்சின் எண், அடிச்சட்ட எண் போன்றவற்றைச் சரிபார்க்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்வதில்லை. பின்னாளில் நிறுவனம், “இந்தப் பழுது முன்பே இருந்தது” என்று மறுத்தால் உங்கள் கையில் இருக்கும் சான்று அந்தத் தனி அறிக்கைதான். விற்பனையாளர் வாயால் சொன்ன ஒவ்வொரு வாக்குறுதியையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். குறைந்தபட்சம் வாட்ஸ்அப் செய்தியாகவாவது பெறுங்கள்.

பராமரிப்பு ரசீதுகளைக் கிலோமீட்டர் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து வையுங்கள், ரசீதின் மை சில மாதங்களில் மங்கிவிடும். பழுது வந்ததும் காரை நிறுத்தி, நிறுவனத்தை அழைத்து, அனுமதி எண் பெற்ற பிறகே பட்டறையில் வேலையைத் தொடங்கச் செய்யுங்கள். அனுமதி இல்லாமல் செய்த வேலைக்குப் பணம் திரும்பக் கிடைப்பது கடினம்.

கூடுதல் உத்தரவாதம் வாங்காதவருக்கும் சட்டம் துணை நிற்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொந்தப் பயன்பாட்டுக்காக விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். பழைய கார்களுக்கும் அது பொருந்தும், விலையும் வயதும் கணக்கில் கொள்ளப்படும். “உள்ளபடியே விற்கப்பட்டது” என்று ரசீதில் எழுதிவிட்டதால் அந்த உரிமை அழிந்துபோவதில்லை. ஆனால் வாங்கும் முன்பே உங்களுக்குச் சுட்டிக்காட்டப்பட்ட குறையைப் பின்னர் காரணமாகச் சொல்ல முடியாது.

கடைக்காரரோ உத்தரவாத நிறுவனமோ நியாயமின்றி மறுத்தால், முதலில் மறுப்பையும் அதன் காரணத்தையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகி ஆலோசனை பெறலாம். அதற்குப் பிறகும் தீராவிட்டால், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் உள்ள பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக அனுமதிக்கப்படுவதும் இல்லை. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஒப்பந்தத்தின் படி, தனிப் பட்டறையின் அறிக்கை, பராமரிப்பு ரசீதுகள், மறுப்புக் கடிதம், பழுதுபார்த்த செலவுக்கான ரசீது ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். மன்றம் உங்கள் பக்கம் தீர்ப்பளித்தால், எதிர்த்தரப்பு 14 நாளுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். தவறினால் அது தண்டனைக்குரிய குற்றம்.